கையில் சேமிப்பு, தலையில் வீட்டுக் கடன்: வட்டியை ஒப்பிடுவது எப்படி?



முன்பெல்லாம் நமது குழுக்களின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் மாடு வாங்க, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு என்றுதான் கடனுக்கான காரணங்கள் இருக்கும். இப்போது "வீட்டு வேலைக்கு" என்ற காரணமும் அடிக்கடி வருகிறது. கூரை வீட்டைப் பிரித்துவிட்டு காங்கிரீட் வீடு கட்ட வேண்டும் என்பது நம் எல்லோருடைய ஆசை. அது நியாயமான ஆசையும்கூட. அரசுத் திட்டங்களும் கைகொடுக்கின்றன. 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3,50,000 ரூபாய் என்று சொல்லப்பட்டது. ஆனாலும் அஸ்திவாரத்தில் தொடங்கி பூச்சு வேலை, கதவு, ஜன்னல், கழிப்பறை என்று வரும்போது கையில் இருப்பது போதுவதில்லை. மீதிக்குக் கடன்தான்.

கடன் வாங்குவது தவறில்லை. எந்தக் கடன், எவ்வளவு வட்டி, அந்த வட்டி எதன் மேல் போடப்படுகிறது என்று தெரியாமல் வாங்குவதுதான் ஆபத்து. அதைவிட ஆச்சரியமான ஒரு விஷயம் உண்டு. பல வீடுகளில் ஒரு பக்கம் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டே, இன்னொரு பக்கம் வங்கிக் கணக்கில் பணத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறோம். இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கத்தான் இந்தப் பாடம். ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரிந்தவர் குழுவில் சத்தமாகப் படிக்கட்டும்.

முதலில் நம்ம ஊர்க் கணக்கு

நம் ஊரில் "ஒரு வட்டி", "ரெண்டு வட்டி", "மூணு வட்டி" என்று சொல்வோம். நூறு ரூபாய்க்கு ஒரு மாதத்துக்கு எத்தனை ரூபாய் என்பதுதான் இந்தக் கணக்கு. வங்கியில் சொல்வது வருடக் கணக்கு. இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்றால் நம்ம ஊர் வட்டியைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும்.

ஒரு வட்டி என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம்.
ரெண்டு வட்டி என்றால் 24 சதவீதம்.
மூணு வட்டி என்றால் 36 சதவீதம்.

"மூணுங்கிறது சின்ன நம்பர்தானே" என்று மனசு சொல்லும். வங்கியில் 10 சதவீதம் என்றதும் "அம்மாடி, பத்தா!" என்று தோன்றும். மாதக் கணக்கையும் வருடக் கணக்கையும் குழப்பிக்கொள்வதால் வரும் பயம் இது. இதனாலேயே வங்கிக்குப் போகாமல் தெருமுனையில் கடன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே பேர், இரண்டு விதமான வட்டி

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். வீட்டு வேலைக்கு 2,00,000 ரூபாய் கடன் வேண்டும், ஐந்து வருடத்தில் 60 தவணையாகக் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்தில் விசாரிக்கிறோம்.

முதல் இடத்தில், "வட்டி பத்து சதவீதம்தாங்க" என்கிறார்கள்.
இரண்டாவது இடத்தில், "பன்னிரண்டு சதவீதம்" என்கிறார்கள்.

எது லாபம்? "இதுல என்ன கேள்வி, பத்துதான் கம்மி" என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாமல் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இந்த வட்டி பிளாட் கணக்கா, பாக்கி குறையக் குறைய வட்டியும் குறையுற கணக்கா?"

பிளாட் வட்டி என்றால், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள். 2,00,000 ரூபாய்க்கு 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 20,000. ஐந்து வருடத்துக்கு 1,00,000. அசலோடு சேர்த்து 3,00,000. அதை 60-ஆல் வகுத்தால் மாதத் தவணை 5,000 ரூபாய். இதில் 3,333 ரூபாய் அசலுக்கும் 1,667 ரூபாய் வட்டிக்கும் போகிறது. கடைசி மாதத்தை யோசித்துப் பாருங்கள். அப்போது நாம் கொடுக்க வேண்டிய அசல் பாக்கி வெறும் 3,333 ரூபாய்தான். ஆனால் அந்த மாதமும் இரண்டு லட்சம் நம் கையில் இருப்பது போலவே 1,667 ரூபாய் வட்டி கட்டுகிறோம்!

குறையும் வட்டி என்றால், அந்தந்த மாதம் மீதி இருக்கும் பாக்கிக்கு மட்டும்தான் வட்டி. நமது குழுவில் உள்கடனுக்கு நாம் போடும் கணக்கும் இதுதான். 12 சதவீதத்தில் 2,00,000 ரூபாய்க்கு 60 மாதத் தவணை சுமார் 4,449 ரூபாய் வரும். முதல் மூன்று மாதம் இப்படிப் போகும்:

முதல் மாதம்: வட்டி 2,000, அசலுக்கு 2,449, பாக்கி 1,97,551.
இரண்டாம் மாதம்: வட்டி 1,976, அசலுக்கு 2,473, பாக்கி 1,95,078.
மூன்றாம் மாதம்: வட்டி 1,951, அசலுக்கு 2,498, பாக்கி 1,92,580.

மாதா மாதம் வட்டி இறங்குகிறது, அசலுக்குப் போகும் தொகை ஏறுகிறது. ஐந்து வருடத்தில் மொத்த வட்டி சுமார் 66,900 ரூபாய்.

இப்போது ஒப்பிடுங்கள். "பத்து" என்று சொன்ன இடத்தில் வட்டி 1,00,000 ரூபாய். "பன்னிரண்டு" என்று சொன்ன இடத்தில் சுமார் 66,900 ரூபாய். குறைவு என்று நினைத்த இடத்தில் 33,000 ரூபாய் அதிகம் போகிறது. அந்தப் பிளாட் பத்தை குறையும் வட்டிக் கணக்கில் மாற்றினால் 17 சதவீதத்துக்கும் மேலே வரும்.

ஆகவே சதவீதத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. "மாதத் தவணை எவ்வளவு, மொத்தம் எத்தனை தவணை?" என்று கேட்டு இரண்டையும் பெருக்குங்கள். அதில் கடன் தொகையைக் கழியுங்கள். மீதி வருவதுதான் நாம் கட்டப்போகும் வட்டி. இந்தப் பெருக்கலுக்குச் செல்போனில் உள்ள கால்குலேட்டர் போதும்.

தவணை சின்னது, வட்டி பெரியது

"மாசம் கம்மியா கட்டுற மாதிரி போட்டுக் கொடுங்க சார்" என்று கேட்பது நம் வழக்கம். தவணை குறைந்தால் மாதங்கள் கூடும். மாதங்கள் கூடினால் வட்டியும் கூடும். 5,00,000 ரூபாய் கடன், 9 சதவீதம் குறையும் வட்டி என்று வைத்துப் பார்ப்போம்.

10 வருடம்: தவணை 6,334, மொத்த வட்டி சுமார் 2,60,000.
15 வருடம்: தவணை 5,071, மொத்த வட்டி சுமார் 4,13,000.
20 வருடம்: தவணை 4,499, மொத்த வட்டி சுமார் 5,80,000.

பத்து வருடத்துக்கும் இருபது வருடத்துக்கும் தவணையில் வித்தியாசம் 1,835 ரூபாய். வட்டியில் வித்தியாசம் சுமார் 3,20,000 ரூபாய். அதற்காக முடியாத தவணையை ஒப்புக்கொண்டு பின்னால் தவிக்கவும் வேண்டாம். மழை பொய்த்த மாதத்திலும், வேலை இல்லாத மாதத்திலும் கட்ட முடிகிற தொகையை முடிவு செய்யுங்கள். பணம் கூடுதலாக வரும் மாதத்தில் அசலில் கட்டுவதைப் பற்றிப் பின்னால் பார்க்கலாம்.

கையில் எவ்வளவு வரும்?

கடன் 2,00,000 என்று கையெழுத்து வாங்குவார்கள். பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கட்டணம், காப்பீடு என்று கழித்துக்கொண்டு 1,92,000 கொடுப்பார்கள். வட்டி மட்டும் 2,00,000-க்கு. ஆகவே "எல்லாப் பிடித்தமும் போக என் கையில் எவ்வளவு வரும்?" என்று கேட்பது நம் உரிமை.

இதற்கு இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதிய கடன்களுக்கு "முக்கிய விவர அறிக்கை" என்ற தாளைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வங்கியானாலும் நிதி நிறுவனமானாலும் இது பொருந்தும். வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் சதவீதத்தை அதில் போட்டிருப்பார்கள். வங்கியில் ஏ.பி.ஆர். என்பார்கள். இரண்டு இடத்தை ஒப்பிட வேண்டும் என்றால் இந்த ஏ.பி.ஆர். எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். தாளைக் கேட்டு வாங்குங்கள், வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கையெழுத்துப் போடலாம்.

நிலையான வட்டி, மாறும் வட்டி

சில கடன்களில் வட்டி கடைசி வரை ஒன்றாகவே இருக்கும். வங்கி வீட்டுக் கடன்களில் பெரும்பாலும் மாறும் வட்டிதான். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் ஏறினால் நம் வட்டியும் ஏறும், இறங்கினால் இறங்கும். 2020 மே மாதம் இந்த விகிதம் 4 சதவீதம். 2022 மே முதல் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதம் ஆனது. 2025-ல் மறுபடி இறங்கத் தொடங்கியது.

வட்டி ஏறும்போது நம் தவணை மாறாமல் அப்படியே இருக்கும். "நமக்கு ஒண்ணும் ஆகலை" என்று நினைப்போம். உண்மையில் தவணைகளின் எண்ணிக்கை கூடியிருக்கும். பத்து வருடத்தில் முடிய வேண்டிய கடன் பதிமூன்று வருடத்துக்கு நீண்டிருக்கலாம். இதைத் தெரிவிக்க வேண்டும், தவணையைக் கூட்டுவதா மாதத்தைக் கூட்டுவதா என்று வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆகவே வருடத்துக்கு ஒரு முறையாவது வங்கிக்குப் போய், "என் கடன்ல இன்னும் அசல் பாக்கி எவ்வளவு, எத்தனை தவணை, இப்ப வட்டி எத்தனை?" என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். வட்டி இறங்கிய காலத்தில் நம் கடனுக்கும் இறங்கியதா என்றும் அதில் தெரிந்துவிடும்.

சேமிப்பையும் கடனையும் எதிரெதிரே வைப்போம்

இதுவரை கடனைப் பற்றிப் பேசினோம். இனி சேமிப்பு.

ஒரு சகோதரிக்கு 12 சதவீதத்தில் வீட்டுக் கடன் இருக்கிறது. அவரது சேமிப்புக் கணக்கில் 50,000 ரூபாய் இருக்கிறது. சேமிப்புக் கணக்கில் 3 சதவீதம் கிடைத்தாலும் அந்த ஐம்பதாயிரத்துக்கு வருடத்துக்கு 1,500 ரூபாய் வரும். கடனில் அதே ஐம்பதாயிரத்துக்கு அவர் கட்டும் வட்டி வருடத்துக்கு 6,000 ரூபாய். வலது கையில் 1,500 வாங்கி இடது கையில் 6,000 கொடுக்கிறார். வருடத்துக்கு 4,500 ரூபாய் நஷ்டம். மாதத்துக்கு 375 ரூபாய். ஒரு குடும்பத்தின் பால் செலவில் பாதியாவது இதில் அடங்கும்.

ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் வீட்டுக் கடன் வாங்குபவர்களுக்கு இதற்கென்றே ஒரு வசதி உண்டு. ஆஃப்செட் கணக்கு என்று பெயர். நாம் "கழித்துக்கொள்ளும் கணக்கு" என்று சொல்லலாம். வீட்டுக் கடன் கணக்கோடு ஒரு சேமிப்புக் கணக்கை இணைத்துவிடுவார்கள். கடன் 5,00,000, சேமிப்பு 1,00,000 என்றால் சேமிப்புக்கு வட்டி தர மாட்டார்கள். அதற்குப் பதிலாகக் கடனில் 4,00,000-க்கு மட்டும் வட்டி போடுவார்கள். சேமிப்புப் பணம் நம்முடையதாகவே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்த அன்றிலிருந்து மறுபடி முழுக் கடனுக்கும் வட்டி. நம் நாட்டிலும் பாரத ஸ்டேட் வங்கி "மேக்ஸ்கெயின்" என்ற பெயரில் இதைப் போன்ற வீட்டுக் கடனைக் கொடுத்து வந்திருக்கிறது. ஆனால் இவையெல்லாம் பெரிய தொகை வாங்கும் மாதச் சம்பளக்காரர்களை நினைத்துச் செய்தவை. நம் அளவில் வாங்கும் கடனுக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

அப்படியானால் நமக்கு வழியில்லையா? இருக்கிறது. தவணைக்கு மேல் கூடுதலாக ஒரு தொகையை அசலில் கட்டுவதுதான் அது.

மேலே சொன்ன 2,00,000 ரூபாய், 12 சதவீத, 60 மாதக் கடனையே எடுத்துக்கொள்வோம். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டியாகிவிட்டது. பாக்கி சுமார் 1,68,900 ரூபாய், இன்னும் 48 தவணை. கறவை மாடு விற்ற பணத்தில் 30,000 ரூபாயை அசலில் கட்டுகிறோம். தவணையை மாற்றாமல் அதே 4,449 கட்டிக்கொண்டு போனால், 48 தவணைக்குப் பதில் 38 தவணையில் கடன் முடிந்துவிடும். மிச்சமாகும் வட்டி சுமார் 16,000 ரூபாய். அதே 30,000-ஐ 3 சதவீதச் சேமிப்புக் கணக்கில் நான்கு வருடம் வைத்திருந்தால் கிடைப்பது சுமார் 3,700 ரூபாய்தான்.

அசலில் கட்டும்போது கவனிக்க வேண்டியவை:

1. "இது தவணை முன்பணம் இல்லை, அசலில் வரவு வையுங்கள், தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், மாதங்களைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

2. ரசீது வாங்குங்கள். வசூலுக்கு வருபவர் கையில் ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

3. பாக்கி குறைந்த புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

4. தனிநபர் பேரில் மாறும் வட்டியில் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கிகள் அபராதக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வாரக் கடன், மாதக் கடன் என்று கொடுக்கும் நுண்கடன்களுக்கும் 2022 ஏப்ரல் முதல் இந்த அபராதம் கூடாது.

5. பிளாட் வட்டிக் கடனில் கூடுதலாகக் கட்டினாலும் வட்டி குறையாமல் போகலாம். "இப்ப கட்டினா வட்டி எவ்வளவு குறையும்?" என்று முதலில் கேளுங்கள்.

எந்தக் கடனை முதலில்?

வீட்டுக் கடன் மட்டும் இருக்கும் வீடு குறைவு. கூடவே நகைக் கடன், நுண்கடன், தெருவில் வாங்கிய கைமாற்று என்று நான்கைந்து இருக்கும். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. எங்கே போட்டால் வருடத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

மூணு வட்டிக் கடனில் கட்டினால்: 7,200 ரூபாய் மிச்சம்.
24 சதவீதக் கடனில் கட்டினால்: 4,800 ரூபாய் மிச்சம்.
12 சதவீத வீட்டுக் கடனில் கட்டினால்: 2,400 ரூபாய் மிச்சம்.
3 சதவீதச் சேமிப்பில் வைத்தால்: 600 ரூபாய் வரவு.

ஆகவே வரிசை தெளிவு. வட்டி அதிகமான கடனை முதலில் முடியுங்கள். "வீட்டுப் பத்திரம் வங்கியில இருக்கு, அதை முதல்ல மீட்கணும்" என்று மனசு துடிக்கும். அது புரிகிறது. ஆனால் 36 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 9 சதவீதக் கடனை அவசரமாக அடைப்பது, ஓட்டைப் பானையை விட்டுவிட்டு நல்ல பானைக்கு ஈயம் பூசுவது மாதிரி. கந்து வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டு வந்திருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கட்டிவிடாதீர்கள்

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, இருக்கிற சேமிப்பு முழுவதையும் நாளைக்கே கடனில் கட்டிவிட வேண்டாம். இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், அசலில் கட்டிய பணம் திரும்ப வராது. ஆஃப்செட் கணக்கு போல நினைத்த நேரம் எடுக்க முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு ஆபரேஷன் என்று வந்தால் கையில் பணம் இருக்காது. மறுபடி மூணு வட்டிக்குத்தான் போக வேண்டும். 12 சதவீதத்தை மிச்சம் பிடிக்கப் போய் 36-ல் மாட்டிக்கொள்வோம். ஆகவே குறைந்தது மூன்று மாத வீட்டுச் செலவும் மூன்று தவணையும் சேர்ந்த தொகையைக் கணக்கில் எப்போதும் வைத்திருங்கள். அதற்கு மேல் இருப்பதை மட்டும் கடனில் கட்டுங்கள்.

இரண்டாவது காரணத்தைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. வீடு யார் பேரில் இருக்கிறது? வருடக்கணக்கில் குழுவில் சேர்த்த சேமிப்பு உங்கள் பேரில் இருக்கிறது. அது உங்கள் சொந்தப் பணம். வீடும் மனையும் கணவர் பேரிலோ மாமனார் பேரிலோ மட்டும் இருந்து, உங்கள் சேமிப்பு முழுவதும் அந்தக் கடனுக்குப் போய்விட்டால், கணக்கில் வட்டி மிச்சம்தான். ஆனால் உங்கள் பேரில் எதுவும் மிஞ்சாது. குடும்பம் ஒற்றுமையாக இருக்கும்போது இது பெரிதாகத் தோன்றாது. கணவர் இறந்த பிறகும், மனஸ்தாபம் வந்த பிறகும் "எங்க அண்ணன் கட்டின வீடு" என்று பேச்சு வரும்போது நமக்கு ஆதாரம் வேண்டும்.

"அதுக்காக வீட்டுக்காரர்கிட்ட சண்டை போடச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். சேமிப்பைக் கடனில் கட்டும் முன்பு உட்கார்ந்து பேசுங்கள். பட்டாவிலும் பத்திரத்திலும் இருவர் பெயரும் வர என்ன செய்யலாம் என்று கேளுங்கள். புதிதாக மனை வாங்குபவர்கள் உங்கள் பேரிலேயே பதிவு செய்யலாம். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பேரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்று தமிழக அரசு 2025 ஏப்ரல் முதல் சலுகை கொடுத்தது. பணத்தை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கடன் கணக்குக்கு மாற்றிக் கட்டுங்கள். யார் பணத்தில் கட்டியது என்பதற்கு அதுவே சாட்சி.

கடன் முழுவதும் முடிந்த பிறகு பத்திரத்தை வாங்க மறக்காதீர்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ எழுதிக் கொடுத்தும் பதில் இல்லையென்றால் 14448 என்ற ரிசர்வ் வங்கி எண்ணில் விவரம் கேட்டு, குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

குழுப் பணத்துக்கும் இதே கணக்கு

வீட்டுக்குச் சொன்னது குழுவுக்கும் பொருந்தும். பல குழுக்களுக்கு வங்கி சி.சி. கணக்கு, அதாவது பண வரம்புக் கடன் கொடுக்கிறது. இதில் எடுத்திருக்கும் தொகைக்கு, எடுத்திருக்கும் நாட்களுக்கு மட்டும்தான் வட்டி. திருப்பிக் கட்டினால் அன்றிலிருந்து வட்டி குறையும். வரம்புக்குள் மறுபடி எடுக்கவும் செய்யலாம். வெளிநாட்டில் வீட்டுக் கடனுக்குக் கிடைக்கிறது என்று சொன்னோமே, ஏறக்குறைய அதே வசதி நம் குழுவின் கையிலேயே இருக்கிறது!

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வரம்பு முழுவதையும் ஒரே நாளில் எடுத்து, உறுப்பினர்களுக்குக் கொடுத்தது போக மீதியைக் குழுவின் சேமிப்புக் கணக்கில் போட்டு வைக்கிறோம். அப்படி 80,000 ரூபாய் ஒரு வருடம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் வட்டி 10 சதவீதம் என்றால் 8,000 ரூபாய் கட்டுகிறோம். சேமிப்பில் 3 சதவீதம் என்றால் 2,400 வருகிறது. குழுவுக்கு 5,600 ரூபாய் நஷ்டம். பத்து உறுப்பினர் குழுவில் ஆளுக்கு 560 ரூபாய்.

தேவைப்படும் உறுப்பினருக்கு உள்கடனாகக் கொடுப்பதுதான் முதல் வேலை. கேட்பார் இல்லாத பணத்தைச் சி.சி. கணக்கில் கட்டி வையுங்கள், தேவைப்படும்போது எடுங்கள். "சேமிப்புல இவ்வளவு பணம் இருந்தாத்தான் கடன்" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். 10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்குப் பிணையம் கேட்கவோ, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவோ கூடாது என்று 2021-ல் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

வீட்டுக் கடன் உள்ள உறுப்பினர்கள் கடன் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டு வரட்டும். ஊக்குநர் கரும்பலகையிலோ சார்ட் தாளிலோ கட்டம் போட்டு ஒவ்வொருவருக்கும் இவற்றை நிரப்பட்டும். எண்ணைச் சொல்ல விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம், அவர் தன் நோட்டில் போட்டுக்கொள்ளட்டும்.

1. கடன் தொகை எவ்வளவு? கையில் வந்தது எவ்வளவு?
2. வட்டி எத்தனை சதவீதம்? பிளாட்டா, குறையும் வட்டியா?
3. நிலையான வட்டியா, மாறும் வட்டியா?
4. தவணை எவ்வளவு, இன்னும் எத்தனை பாக்கி?
5. இன்றைக்கு அசல் பாக்கி எவ்வளவு?
6. சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது? மூன்று மாதத் தேவை போக மீதி எவ்வளவு?
7. இதைவிட வட்டி அதிகமான வேறு கடன் இருக்கிறதா?
8. வீடு யார் பேரில்?

எட்டுக்கும் பதில் எழுதிவிட்டால், யாருடைய கடன் மலிவு, யாருடையது விலை கூடியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரே தெருவில் ஒரே மாதிரி வீடு கட்டிய இரண்டு பேர் ஆளுக்கொரு வட்டி கட்டுவது அப்போது வெளியே வரும். அதிகம் கட்டுபவர் குறைவாகக் கட்டுபவரிடம் "நீ எந்த பேங்க்ல வாங்கினே, என்னென்ன கேட்டாங்க?" என்று விசாரிக்கலாம். வேண்டுமானால் இருவரும் சேர்ந்தே வங்கிக்குப் போய்க் கேட்டு வரலாம். தனியாகப் போனால் "அப்புறம் வாங்க" என்பவர்கள், நாலு பேராகப் போனால் உட்கார வைத்துப் பதில் சொல்வார்கள். இது நமக்குத் தெரியாதா என்ன?

எட்டாவது கேள்விக்கு "என் பேரிலும்" என்று பதில் எழுத முடியாதவர்கள், அதைப் பற்றி இந்த மாதமே வீட்டில் பேச்சை எடுங்கள். நிரப்பிய கட்டத்தைத் தீர்மானப் புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்து, யாருடைய பாக்கி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சேர்ந்து பாருங்கள்.